மோன் வாந்தூவை முதன்முறை ஏறுபவருக்கு: ஐரோப்பாவின் கடும் மலைச்சாலைகளுக்கான சைக்கிள் வழிகாட்டி

பிரான்சின் தென்பகுதியில், புரோவான்ஸ் சமவெளியின் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே, அருகில் தனக்கு இணையான உயரம் எதுவும் இல்லாமல் தனித்து நிற்கிறது மோன் வாந்தூ. அதன் உயரம் 1,910 மீட்டர். தெற்கு அடிவாரத்திலுள்ள பெதுவேன் என்ற சிற்றூர் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கிருந்து உச்சிக்குச் செல்லும் 21 கி.மீ. சாலையில் சைக்கிளில் போகிறவர் 1,600 மீட்டர் உயரத்தைத் தம் கால்வலுவாலேயே கடந்தாக வேண்டும். டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1951இல் முதன்முறை இம்மலையின் மீது சென்றது. அன்றிலிருந்து இது தேர்ந்த வீரர்களும் அஞ்சும் ஏற்றமாகப் பெயர் பெற்றிருக்கிறது.

ஆனாலும், வாரயிறுதிகளில் மட்டும் சைக்கிள் ஓட்டும் ஒருவர் மூன்று மாதம் முறையாகப் பழகினால் இந்த மலையைச் சைக்கிளைத் தள்ளி நடக்காமல் ஏறிவிட முடியும் என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. பாதியில் நின்றுபோகிற புதியவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் கால்வலுக் குறைவு அன்று. முதல் ஒரு மணி நேரத்தில் தேவைக்கு மேல் வேகமாகப் போனதும், மலைக்குப் பொருந்தாத கியரோடு வந்ததும்தான் காரணங்கள். இரண்டையும் வீட்டிலிருந்தே சரிசெய்துகொள்ளலாம். இக்கட்டுரை மோன் வாந்தூவை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டாலும், இதில் சொல்லப்படுபவை ஆல்ப்ஸ், பிரனீஸ், டோலமைட் மலைகளின் கடும் ஏற்றங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் படி: எந்த மலை, எந்தப் பக்கம்

ஏற்றத்தின் கடுமையைச் சாய்வு விழுக்காட்டில் சொல்வது வழக்கம். கிடைமட்டத்தில் 100 மீட்டர் செல்வதற்குள் சாலை 10 மீட்டர் உயர்ந்தால் அது 10 விழுக்காடு. புதியவர்கள் பெரும்பாலும் சராசரிச் சாய்வை மட்டும் பார்த்து மலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த எண் பல உண்மைகளை மறைத்துவிடும். பெதுவேன் வழியின் சராசரி சுமார் 7.5 விழுக்காடு. ஆனால் முதல் ஆறு கிலோமீட்டர் ஏறக்குறைய 4 விழுக்காட்டில் மென்மையாகச் செல்வதால், மிச்சமுள்ள கடுமை முழுவதும் அதற்கு மேலே குவிந்திருக்கிறது. நடுவிலுள்ள காட்டுப் பகுதி மட்டும் ஒன்பதரை கிலோமீட்டருக்கு 9 விழுக்காட்டுக்கு மேல் இடைவிடாமல் ஏறுகிறது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியிலுள்ள ஆங்லிரு இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு. அதன் சராசரி 10 விழுக்காடு அளவே என்றாலும், பின்பாதியில் கூவேன்யா லெஸ் காப்ரெஸ் என்ற இடத்தில் சாய்வு 23 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆகவே எந்த மலைக்குப் போவதானாலும், கிலோமீட்டர் வாரியாகச் சாய்வைக் காட்டும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு, மிகக் கடினமான தொடர்ச்சியான ஐந்து கிலோமீட்டர் எது, அது ஏற்றத்தின் தொடக்கத்தில் வருகிறதா இறுதியில் வருகிறதா என்று பாருங்கள்.

டூர் டி பிரான்ஸ் பந்தயம் ஏற்றங்களை நான்காம் வகையிலிருந்து முதல் வகை வரை தரம் பிரித்து, அதற்கும் மேலானவற்றை ‘வகைக்கு அப்பாற்பட்டவை’ என்று அழைக்கிறது. இந்த உச்ச வகையில் புதியவர் முதலில் முயலத் தக்கது, என் கருத்தில், ஆல்ப் துவேஸ். பூர் துவாசான் ஊரிலிருந்து 13.8 கி.மீ., சராசரி 8.1 விழுக்காடு, 21 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குக் கீழிருந்து மேலாக 21 முதல் 1 வரை இறங்குவரிசையில் எண்ணிட்டு, ஒவ்வொன்றிலும் பந்தயத்தில் அங்கே வென்றவர்களின் பெயரை எழுதி வைத்திருப்பதால், இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது எப்போதும் தெரியும். வளைவுகளில் சாய்வு சற்றுத் தளர்வதால் மூச்சுவிடவும் இடம் கிடைக்கும். முதல் இரண்டு கிலோமீட்டர் 10 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதை மட்டும் மறக்கக் கூடாது. சமவெளியில் வந்த வேகத்தோடு அதில் நுழைகிறவர்கள் பாதி வழியிலேயே களைத்துப்போகிறார்கள்.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் வேறுவகைச் சோதனை. ஆஸ்திரியப் பேரரசுக்காகக் கார்லோ தோனெகானி என்ற பொறியாளர் 1820களில் அமைத்த இச்சாலை, பிராட்டோ பக்கத்திலிருந்து 48 கொண்டை ஊசி வளைவுகளுடன் 24 கி.மீ. ஏறுகிறது. சாய்வு 7.4 விழுக்காடு அளவில் ஓரளவு சீராகவே இருக்கும். ஆனால் 2,757 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 72 விழுக்காடுதான் என்பதால், கீழே எளிதாக இருந்த அதே மிதிப்பு மேலே மூச்சிரைக்க வைக்கும். பிரனீஸ் மலையின் தூர்மலே கணவாய் 2,115 மீட்டர். 1910இல் டூர் பந்தயம் முதன்முறை அம்மலைகளின் உயர் கணவாய்களில் ஏறியபோது கடந்தவற்றுள் ஒன்று அது. இவை எல்லாம் பொறுமையும் உணவும் இருந்தால் முடியக் கூடியவை. இத்தாலியின் மோர்த்திரோலோ, ஸோன்கொலான், ஸ்பெயினின் ஆங்லிரு ஆகிய மூன்றும் அப்படி அல்ல. 10 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட சாய்வு பல கிலோமீட்டர் தொடரும்போது மெதுவாகப் போவது என்ற வாய்ப்பே இல்லாமல் போகிறது, ஏனெனில் இன்னும் மெதுவாகப் போனால் சைக்கிள் நிலைகொள்ளாது. முதல் ஆண்டில் அவற்றை விட்டுவிடுங்கள்.

மோன் வாந்தூவுக்கு மூன்று சாலைகள் உண்டு. கிழக்கே சோ என்ற ஊரிலிருந்து வரும் 26 கி.மீ. வழி மிக மென்மையானது, சராசரி 4.5 விழுக்காடு அளவு. வடமேற்கே மலோசேன் வழி பெதுவேன் வழியைப் போலவே கடினமானது. இதுவரை 1,000 மீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் ஏறிப் பழகாதவர் சோ வழியாகச் செல்வதே அறிவுடைமை. அதனால் அந்த உச்சியின் மதிப்பு குறைந்துவிடுவதில்லை.

இரண்டாம் படி: கணக்கும் கியரும்

உங்கள் எடையும் சைக்கிளின் எடையும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். பெதுவேனிலிருந்து உச்சி வரை அந்த எடையைத் தூக்குவதற்கும், டயர் உராய்வையும் காற்றையும் எதிர்ப்பதற்குமாக, இரண்டரை மணி நேரத்தில் ஏற சராசரியாக 155 வாட் அளவுக்கு ஆற்றல் வேண்டும். மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டால் 130 வாட் போதும். இரண்டு மணி நேரத்தில் ஏற நினைத்தால் 195 வாட் வேண்டும். அரை மணி நேரத்தை விட்டுக்கொடுத்தால் எவ்வளவு பெரிய சுமை குறைகிறது என்பதைக் கவனியுங்கள். உடற்பயிற்சிக்கூடத்தில் வாட் காட்டும் சைக்கிள் இருந்தால், ஒரு மணி நேரம் பேச்சு முறியாமல் எத்தனை வாட்டில் மிதிக்க முடிகிறது என்று பார்த்து, அதையே உங்கள் மலை வேகமாக வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கின் அடுத்த பகுதி கியர். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரங்களில் மிகப் பெரியதில் 28 பல் உள்ள சைக்கிளில், நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 10.7 கி.மீ. வேகம் வரும். 9 விழுக்காட்டுச் சாய்வில் அதற்குச் சுமார் 230 வாட் வேண்டும். பயிற்சி பெற்ற ஓட்டிகளுக்கே அது எளிதன்று. பின்னால் 34 பல் இருந்தால் அதே 70 சுற்றுக்கு வேகம் 8.8 கி.மீ., தேவைப்படுவது 185 வாட். 150 வாட் மட்டும் தரக் கூடியவர் அதே சாய்வில் மணிக்கு 7 கி.மீ. வேகத்தில்தான் போவார், அவருக்கு 36 பல் இருந்தால்தான் மிதிப்பு நிமிடத்துக்கு 60 சுற்றுக்காவது வரும். அதற்கும் கீழே இறங்கினால் முழங்காலும் தொடையும் ஒவ்வொரு மிதிக்கும் பாரம் தூக்குவதைப் போல உழைக்க நேர்ந்து, ஒரு மணி நேரத்துக்குள் சோர்ந்துவிடும்.

ஆகவே சைக்கிளை வாடகைக்கு எடுத்தாலும் சொந்தமாகக் கொண்டு சென்றாலும், பின் பல்சக்கரத்தில் மிகப் பெரியதற்கு எத்தனை பல் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பெதுவேனில் வாடகைக் கடைகள் பல இருக்கின்றன. முன்பதிவின்போதே 34 அல்லது 36 பல் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். எடை குறைந்த சக்கரங்களுக்குப் பெரும் பணம் செலவிடுவதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கிலோ எடை குறைந்தால் இரண்டரை மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது ஏறத்தாழ இரண்டு நிமிடம். சரியான கியரோ முழு ஏற்றத்தையே மீட்டுத் தரும்.

மூன்றாம் படி: பன்னிரண்டு வாரங்கள்

தொடங்கும் முன் ஒரு செய்தி. தெற்காசிய வம்சாவளியினருக்கு இதய நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருவது மருத்துவ உலகம் நன்கறிந்தது. நாற்பதைக் கடந்தவர்களும், நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்களும், உழைக்கும்போது நெஞ்சில் இறுக்கம் உணர்பவர்களும் மருத்துவரிடம் பேசாமல் இப்பயிற்சியில் இறங்க வேண்டாம்.

வாரம் மூன்று நாள் போதும். ஒரு நாள் நீண்ட சவாரி: இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, பத்தாம் வாரத்துக்குள் நான்கு மணி நேரம் வரை வளர்க்க வேண்டும். ஒரு நாள், மூச்சு வாங்கினாலும் சிறு வாக்கியங்கள் பேச முடிகிற அளவில் 20 நிமிட மிதிப்பு, இடையில் ஐந்து நிமிட ஓய்வுடன் இரண்டு அல்லது மூன்று முறை. மலைச் சாலையில் இடைவெளி என்பதே கிடையாது. சமவெளியில் ஓட்டும்போது சிக்னலிலும் சரிவிலும் கால்கள் அறியாமலே ஓய்வெடுக்கின்றன. அந்தப் பழக்கத்தை முறிப்பதற்காகவே இந்த 20 நிமிடங்கள். மூன்றாம் நாள், கிடைக்கிற மேட்டைத் திரும்பத் திரும்ப ஏறுவது. லண்டனில் இருப்பவர்களுக்குச் சர்ரே பகுதியின் பாக்ஸ் ஹில் இருக்கிறது: இரண்டரை கிலோமீட்டர், சுமார் 120 மீட்டர் உயரம், அதைப் பத்து முறை ஏறினால் 1,200 மீட்டர். கோயம்புத்தூர் வட்டாரத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லத் திட்டமிடுபவர்களுக்கு மேட்டுப்பாளையம்–கோத்தகிரிச் சாலையைவிட நல்ல பயிற்சிக் களம் இல்லை. சுமார் 33 கி.மீ. தூரத்தில் 1,400 மீட்டருக்கு மேல் ஏறும் அந்தச் சாலை, சோ வழியின் இயல்புக்கு மிக நெருக்கமானது. மேடே இல்லாத ஊரில் இருப்பவர்கள் எதிர்காற்றில் ஓட்டலாம், அல்லது வீட்டில் பின்சக்கரத்தைப் பயிற்சித் தாங்கியில் பொருத்திய சைக்கிளில் முன்சக்கரத்தைச் சற்று உயர்த்தி வைத்துப் பழகலாம். அந்த அமர்வு நிலை முதுகுக்கும் கழுத்துக்கும் பழகுவது பயனுள்ளது. இறுதி வாரத்தில் பாதியாகக் குறைத்து ஓய்வெடுங்கள்.

நான்காம் படி: நாளும் காற்றும் பையும்

மோன் வாந்தூவின் உச்சிச் சாலை பனிக் காலத்தில், பொதுவாக நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை, மூடப்படும். ஸ்டெல்வியோ இன்னும் தாமதமாக, மே இறுதியிலோ ஜூனிலோதான் திறக்கும். மே இறுதியும் ஜூனும் செப்டம்பரும் வாந்தூவுக்கு நல்ல காலம். ஜூலை, ஆகஸ்ட்டில் போக நேர்ந்தால் காலை ஏழு மணிக்கு முன்பே புறப்பட்டுவிடுங்கள்.

வெயிலைவிடப் பெரிய கேள்வி காற்று. வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியாக வீசும் மிஸ்திரால் காற்று, தனித்து நிற்கும் இந்த உச்சியில் மனிதரைத் தள்ளிவிடும் வலுவோடு அடிக்கும். 2016ஆம் ஆண்டின் டூர் பந்தயத்தில், உச்சியில் முடிய வேண்டிய கட்டத்தைக் காற்று காரணமாக ஆறு கிலோமீட்டர் கீழேயே முடிக்க வேண்டியதாயிற்று. அடிவாரத்தில் இலை அசையாத நாளிலும் மேலே புயல் வீசலாம் என்பதால், பெதுவேனின் வானிலையைப் பார்க்காமல் உச்சிக்கான காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். வீச்சு மணிக்கு 60 கி.மீ. தாண்டும் என்றால் அந்த நாளை விட்டுவிடுங்கள். இதற்காகவே அங்கே குறைந்தது மூன்று இரவுகள் தங்கும்படி திட்டமிட வேண்டும். ஒரே நாள் கையில் இருப்பவர்தான் தவறான முடிவெடுப்பார். அவிஞ்ஞோன் நகரிலிருந்து கார்ப்பந்த்ரா என்ற ஊர் வரை ரயில் உண்டு. அங்கிருந்து பெதுவேன் சுமார் 15 கி.மீ.

உயரம் கூடும் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை ஆறு முதல் ஏழு பாகை செல்சியஸ் வரை குறையும். கீழே 28 பாகை இருக்கும்போது உச்சியில் 18 இருக்கும். வியர்த்த உடம்போடு 50 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது அது கடுங்குளிர். எனவே காற்றுத் தடுக்கும் மெல்லிய மேற்சட்டையும் முழு விரல் கையுறையும், கோடையிலும், சட்டையின் பின்பைக்குள் இருக்க வேண்டும். இரண்டு டியூப், டயர் நெம்பி, சிறு பம்பு, திருகு கருவி, இரண்டு பெரிய தண்ணீர்ப் புட்டி, பின்விளக்கு, கொஞ்சம் ரொக்கம், முழு மின்னேற்றம் செய்த கைபேசி. ஐரோப்பிய நாடுகள் எங்கும் அவசர உதவி எண் 112. ஸ்பெயினில் ஊர் எல்லைக்கு வெளியே தலைக்கவசம் கட்டாயம். சட்டம் கேட்காத நாடுகளிலும் அது இல்லாமல் மலையிலிருந்து இறங்கக் கூடாது.

ஐந்தாம் படி: ஏறும் நாள்

புறப்படுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே உண்டு முடியுங்கள். சோறோ ரொட்டியோ, கொழுப்பும் நார்ச்சத்தும் குறைவாக, பழகிய உணவாக இருக்கட்டும். இந்த ஏற்றத்துக்கு உடல் 1,300 கிலோகலோரிக்கு மேல் செலவிடும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொண்டால், இரண்டு வாழைப்பழமும் சில பேரீச்சம்பழமும் ஒரு மணி நேரத்துக்குப் போதும். பசி எடுத்த பின் உண்பது தாமதம். முதல் 20 நிமிடத்திலேயே முதல் கடியைக் கடித்துவிடுங்கள்; சாய்வு கூடிய பிறகு மெல்வதற்கே மூச்சு இடம் தராது.

பெதுவேனிலிருந்து சேன் எஸ்தேவ் வளைவு வரையுள்ள ஆறு கிலோமீட்டர்தான் பலரை வீழ்த்துகிறது. இருபுறமும் திராட்சைத் தோட்டம், எதிரே வெள்ளை உச்சி, மனத்தில் உற்சாகம். மற்றவர்கள் கடந்து போவார்கள். போகட்டும். இங்கே நீங்கள் வாய்திறக்காமல் மூக்கால் மூச்சுவிடும் அளவுக்கு மெதுவாகச் செல்ல வேண்டும். இந்தப் பகுதியில் விரைந்து மிச்சப்படுத்தக் கூடியது இரண்டோ மூன்றோ நிமிடம். அதற்கான விலையைக் காட்டில் பல மடங்காகக் கொடுக்க நேரும்.

சேன் எஸ்தேவில் சாலை இடப்பக்கம் திரும்பியவுடன் காடு தொடங்குகிறது. சாய்வு திடீரென 9, 10 விழுக்காட்டுக்கு உயர்ந்து, ஷாலே ரெனார் என்ற உணவகம் வரை அப்படியே நீடிக்கிறது. மிக எளிய கியருக்கு உடனே மாறிவிடுங்கள். அதைக் கடைசிக்கென்று சேமித்து வைப்பதில் பயன் இல்லை. இப்பகுதியில் கொண்டை ஊசி வளைவுகள் மிகக் குறைவு, பார்வைக்கு மரங்களைத் தவிர ஒன்றும் இல்லை, காற்று நுழையாததால் கோடையில் வெக்கை தேங்கி நிற்கும். என் எண்ணத்தில் இம்மலையின் உண்மையான கடினம் இந்த ஒன்பதரை கிலோமீட்டர்தான்; படங்களில் எல்லோரும் பார்க்கும் வெண்கல் உச்சி அதற்கு அடுத்ததே. சாலையோர மைல்கற்களை நோக்கி, அடுத்த கல் வரை என்று மட்டும் எண்ணுங்கள். தோள்களைத் தளர்த்தி, கைப்பிடியை இறுகப் பற்றாமல், அமர்ந்தே மிதியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருபது மிதி அளவுக்கு எழுந்து நின்றால் இடுப்பும் முதுகும் இளகும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் இரண்டு மிடறு குடித்துக்கொண்டே இருங்கள். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், ஒரு புட்டியில் சிறிது உப்பும் சர்க்கரையும். நிற்க வேண்டும் என்று தோன்றினால் நில்லுங்கள். மறுபடி ஏறும்போது மட்டும், வாகனம் வராததை உறுதிசெய்துகொண்டு, சாலைக்குக் குறுக்காகச் சைக்கிளைச் சற்றுத் திருப்பி மிதிக்கத் தொடங்கினால் எளிதாகக் கிளம்பும்.

சுமார் 1,420 மீட்டர் உயரத்தில் ஷாலே ரெனார் உணவகம். சோவிலிருந்து வரும் சாலை இங்கேதான் சேர்கிறது. பெரும்பாலோர் இங்கே நிற்காமல் போவதைப் பெருமையாகக் கொள்கிறார்கள். புதியவர் கட்டாயம் நிற்க வேண்டும் என்பேன், ஏனெனில் மேலே போவதா திரும்புவதா என்று முடிவெடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. தலைசுற்றல், வெயிலிலும் குளிர் நடுக்கம், வியர்வை நின்றுபோதல், நெஞ்சு வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நிழலில் அமர்ந்து உதவி கேளுங்கள்; மேலே செல்லாதீர்கள். காற்றில் சைக்கிளை நேராகப் பிடிக்க முடியவில்லை என்றாலும் அப்படியே.

இதற்கு மேல் ஆறு கிலோமீட்டர் மரமே இல்லாத சுண்ணாம்புக்கல் சரிவு. கப்பல் கட்டவும் கரி சுடவும் முற்காலத்தில் காடு வெட்டப்பட்டதால் உச்சி இப்படி மொட்டையானது; தொலைவிலிருந்து பார்க்க வெயில் காலத்திலும் பனி மூடியது போலத் தோன்றும். உச்சியின் கோபுரம் இங்கிருந்தே தெரியும், ஆனால் அருகில் வரவே வராது. அதைப் பார்க்காமல் பத்து மீட்டர் முன்னால் சாலையைப் பாருங்கள். உச்சிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் முன்பு, வலப்பக்கம், டாம் சிம்ப்சனின் நினைவுக்கல் நிற்கிறது. பிரிட்டனின் அந்தப் புகழ்பெற்ற வீரர் 1967 ஜூலை 13 அன்று, டூர் பந்தயத்தின் நடுவே, கொளுத்தும் வெயிலில் இங்கே விழுந்து இறந்தார். வெப்பம், நீர் வற்றிய உடல், உட்கொண்டிருந்த ஊக்கமருந்து ஆகியவை சேர்ந்து, உடல் கொடுத்த எச்சரிக்கைகளை அவர் உணராதபடி செய்துவிட்டன. இன்றும் ஏறுகிறவர்கள் அங்கே தண்ணீர்ப் புட்டிகளையும் தொப்பிகளையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதற்குச் சற்று மேலே ‘புயல்களின் கணவாய்’ என்று பெயரிட்ட வளைவு. காற்று எந்தப் பக்கம் இருந்தாலும் இங்கே பாய்ந்து அடிக்கும், இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி வளைவு மிகவும் செங்குத்து. அதற்கென்று கொஞ்சம் வலுவை மிச்சம் வைத்திருங்கள்.

இறங்குவது

ஏறும்போது நீங்கள் தூக்கிய 1,600 மீட்டர் உயரத்தின் ஆற்றல் முழுவதும் இறங்கும்போது காற்றின் மீதும் பிரேக்கின் மீதும் போய்ச் சேர்கிறது; களைத்த கைகளுடனும் மந்தமான கவனத்துடனும் அதை நீங்கள் கையாள வேண்டும். அதனால் உச்சியில் படம் எடுத்த உடனே இறங்காதீர்கள். மேற்சட்டையும் கையுறையும் அணிந்து, ஏதேனும் தின்று, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்து, டயரில் வெட்டு உண்டா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

இந்தியாவிலும் இலங்கையிலும் பிரிட்டனிலும் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிரான்சிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வலப்பக்கம் செல்ல வேண்டும். சமவெளியில் இது நினைவில் இருக்கும். சோர்ந்த நிலையில், ஆள் இல்லாத மலை வளைவில், உடல் பழைய பக்கத்துக்கே தானாகச் சாயும். வலக் கைப்பிடியில் ஒரு துண்டுப் பட்டை ஒட்டி வைத்துக்கொள்வது நல்ல உத்தி. வளைவில் எக்காரணம் கொண்டும் நடுக்கோட்டைத் தாண்டாதீர்கள். எதிரே மோட்டார் சைக்கிள்கள் வேகமாக வரும்.

பிரேக்கைத் தொடர்ந்து இலேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவது தவறு. விளிம்புப் பிரேக்கில் அந்தச் சூடு டியூபை வெடிக்கச் செய்யலாம். தட்டுப் பிரேக்கும் சூடேறிப் பிடிப்பை இழக்கலாம். நேர்ச்சாலையில், வளைவுக்கு முன்பே, இரண்டையும் சேர்த்து உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின் விட்டுவிட்டு வளைவுக்குள் நுழையுங்கள். வெளிப்புறக் கால் கீழே, எடை அதன் மீது, பார்வை வளைவு முடியும் இடத்தில். விரல் மரத்துப்போனால் நின்று கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். மரத்த விரலால் பிரேக்கின் அழுத்தத்தை அளவிட முடியாது. காட்டுக்குள் வந்ததும் வெயிலும் நிழலும் மாறி மாறிக் கண்ணைக் கூச வைக்கும். கீழே இன்னும் ஏறிக்கொண்டிருப்பவர்கள் தள்ளாடிச் சாலை நடுவுக்கு வருவார்கள். அங்கே வேகத்தைப் பாதியாக்குங்கள். சேன் எஸ்தேவ் வளைவு எதிர்பார்ப்பதைவிட இறுக்கமானது, நீண்ட நேர்ச்சரிவின் முடிவில் வருவது. அதை நெருங்கும் முன்பே வேகத்தை இறக்கிவிட்டால், அதன்பின் பெதுவேன் வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நிதானமாக உருண்டு செல்லலாம்.